பால் எவ்வளவு, சோறு எவ்வளவு?

"பால் நன்றாகக் குடிக்கிறான், சோறுதான் இறங்கமாட்டேன் என்கிறது." ஓராண்டு நிறைவை நெருங்கும் குழந்தை இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் கேட்கிற குறை இது. இந்தக் குறைக்கான காரணம் பல சமயம் அந்த வாக்கியத்தின் முதல் பாதியிலேயே இருக்கிறது. அதை நம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழந்தைகள் வார்டில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, பெங்களூர் நீலசந்திராவில் வசிப்பவள் நான். எங்கள் பகுதியில் பிழைப்புக்காக வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். தாயும் தந்தையும் காலையில் வேலைக்குப் போய்விட, குழந்தை பாட்டியிடமோ பக்கத்து வீட்டாரிடமோ வளர்கிறது. ஊரில் என்றால் அத்தை, சித்தி, பெரியம்மா என்று ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுவார்கள். இங்கே ஒருவரே சமைத்து, துவைத்து, தண்ணீர் பிடித்துக் குழந்தையையும் பார்க்க வேண்டும். அழுத குழந்தையின் வாயில் பால் புட்டியை வைப்பது சுலபம். ஒரு கிண்ணம் சோற்றை ஊட்ட அரை மணி நேரம் ஆகும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. நல்ல காரியம்தான். ஆனால் 26 வாரம் என்பது சரியாக ஆறு மாதம். குழந்தைக்கு முதல் கவளம் ஊட்ட வேண்டிய அதே வாரத்தில் தாய் வேலைக்குத் திரும்புகிறாள்! அமைப்புசாரா வேலைகளில் இருப்போர் பலருக்கு அந்த விடுப்பும் கிடைப்பதில்லை.

கணக்கு எப்படி மாறுகிறது?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் பாலுக்கும் உணவுக்கும் உள்ள பங்கு மாதத்துக்கு மாதம் மாறுகிறது. உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குச் சொல்லியுள்ள அளவு இது:

6 முதல் 8 மாதம் வரை: ஒரு நாளைக்குத் தேவை சுமார் 600 கலோரி. அதில் 200 கலோரி உணவிலிருந்து வர வேண்டும். இரண்டு மூன்று வேளை, சில கரண்டியில் தொடங்கி அரைக் கிண்ணம் வரை.

9 முதல் 11 மாதம் வரை: தேவை சுமார் 700. அதில் 300 உணவிலிருந்து. மூன்று நான்கு வேளை, வேளைக்கு அரைக் கிண்ணம் (250 மில்லி பிடிக்கும் கிண்ணம்).

12 முதல் 23 மாதம் வரை: தேவை சுமார் 900. அதில் 550 உணவிலிருந்து. மூன்று நான்கு வேளை, வேளைக்கு முக்கால் முதல் ஒரு கிண்ணம். இடையில் ஒன்றிரண்டு சிற்றுண்டி.

அதாவது ஆறு மாதத்தில் மூன்றில் ஒரு பங்காக இருந்த உணவு, ஓராண்டுக்குப் பின் பாதிக்கு மேல் ஆகிவிடுகிறது. முன்பு பால் பிரதானம், சோறு துணை. பின்பு சோறு பிரதானம், பால் துணை.

இப்போது பாக்கெட் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் சுமார் 600 கலோரி இருக்கிறது. ஒன்றேகால் வயதுக் குழந்தை நாளைக்கு ஒரு லிட்டர் குடித்தால், தேவையில் மூன்றில் இரண்டு பங்கு பாலிலேயே தீர்ந்துவிடுகிறது. பிறகு பசி எங்கிருந்து வரும்?

பாலில் இல்லாதது

"பால் சத்துதானே, வயிறு நிறைந்தால் சரிதானே?" என்று கேட்கலாம். பாலில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் உண்டு. இரும்புச் சத்து மட்டும் கிட்டத்தட்ட இல்லை. ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். தாயின் வயிற்றிலிருந்து குழந்தை கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாத அளவில் குறைந்துவிடும். மேலும், பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து மற்ற உணவில் இருக்கும் இரும்பு உடலில் சேர்வதையும் தடுக்கிறது.

முடிவு ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை இருந்தது. கர்நாடகத்திலும் நிலைமை ஏறக்குறைய அதேதான். மூளை வேகமாக வளரும் இரண்டு வயதுக்குள் இரும்புக் குறை நீடித்தால், கவனமும் கற்கும் திறனும் பாதிக்கப்படலாம்.

எங்கள் தெருவில் பதினான்கு மாதக் குழந்தை ஒன்று கொழுகொழுவென்று இருக்கும். "சிஸ்டரம்மா, என் பேரன் அமுல் பேபி மாதிரி இல்லையா?" என்று பாட்டி பெருமையோடு காட்டினார். குழந்தையின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. "சுவரைச் சுரண்டித் தின்கிறானா?" என்றேன். "ஆமாம், எப்படித் தெரியும்?" என்று திகைத்தார். மண், சாக்பீஸ், சுவர்க்காரை தின்பது ரத்தசோகையின் அடையாளமாக இருக்கலாம். நாளைக்கு ஐந்து புட்டிப் பால் குடித்து வந்த குழந்தை அவன். மருத்துவர் சொன்ன இரும்பு மருந்தும், பாலைக் குறைத்துச் சோற்றைக் கூட்டியதும் சில மாதங்களில் அவனைத் தேற்றின. குண்டான குழந்தையெல்லாம் திடமான குழந்தை அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். குறைக்கச் சொல்வது பாக்கெட் பாலைத்தான். ஓராண்டுக்குப் பின் நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். ஓராண்டுக்குள் தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு எந்தப் பால் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

2. ஒன்பது மாதத்துக்குப் பின் முதலில் உணவு, பிறகு பால் என்று வரிசையை மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு பாக்கெட் பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

3. புட்டியை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். பகல் புட்டி ஒன்றை டம்ளராக மாற்றுங்கள். நான்கைந்து நாள் பழகிய பின் அடுத்ததை மாற்றலாம். இரவுப் புட்டி கடைசியில் போகட்டும். புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் சொத்தையாகும்.

4. கஞ்சி தண்ணீராக இருந்தால் வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியாத பதம் வேண்டும். கன்னட வீட்டார் 'ராகி சரி' என்று முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சுவது அருமையான உணவு. நம் வீட்டுக் கேழ்வரகுக் கூழின் உறவுக்காரிதான் அது.

5. பருப்பு சாதம், கீரை மசியல், முட்டை, மீன், ஈரல், வேகவைத்த பயறு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். கூடவே தக்காளி, கொய்யா, இரண்டு சொட்டு எலுமிச்சை சேர்ந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். டீயில் நனைத்த பன், ரஸ்க் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். டீ இரும்பைத் தடுக்கும்.

6. ஓராண்டு வரை தேன் வேண்டாம். இரண்டு வயது வரை சர்க்கரையைத் தவிர்ப்பது நல்லது.

பயம் வேண்டாம்

ஓராண்டுக்குப் பின் பசி சற்றுக் குறைவது இயற்கை. பிறந்த எடை முதல் ஆண்டில் மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டில் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடுகிறது. ஒரு வேளை சாப்பிடவில்லை என்று உடனே புட்டியை நீட்டினால், 'சோற்றை மறுத்தால் பால் வரும்' என்று குழந்தை கற்றுக்கொள்ளும். மூக்கைப் பிடித்து ஊட்டுவதும் கூடாது. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும்.

மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை பார்த்து அட்டையில் குறித்து வாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி வீதம் இரும்பு சிரப் கொடுப்பது அரசின் திட்டம். ஆஷா ஊழியரிடம் கேட்டுப் பெறலாம். எடைக் கோடு மேலேறாவிட்டாலோ, கண்ணிமை, நாக்கு, உள்ளங்கை வெளுத்தாலோ மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ இக்கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள். வேலைக்குக் கிளம்பும்போது புட்டிகளை வரிசையாக வைத்துவிட்டுப் போவதற்குப் பதில், ஒரு சிறு டிபன் பாக்ஸில் மசித்த சோற்றை வைத்துவிட்டுப் போங்கள். நம் குழந்தைகள் நன்றாக உண்டு, நலமாக வளரட்டும்.