உலோகம் ஒவ்வாத சரீரமும் மாற்று மூட்டும்

கவரிங் தோடு போட்ட இரண்டாம் நாளே காது மடல் சிவந்து நீர் வடியும் ஒரு ஸ்திரீ, மூட்டுத் தேய்மானத்தால் நடை தளர்ந்து, முழங்காலை மாற்றியே ஆகவேண்டும் என்று வைத்தியர் சொல்லக் கேட்டதும், “வெளியே பட்டாலே ஒத்துக்கொள்ளாத உலோகத்தை உடம்புக்குள் ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்வது எப்படி?” என்று வினவுவாளானால், அவளை அறியாதவள் என்று யாரும் ஒதுக்கிவிடலாகாது, எலும்பு நிபுணர்களும் தோல் நிபுணர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தங்களுக்குள் விவாதித்துவரும் விஷயம் அது. எலும்பைப் பொருத்த வைத்த உலோகத் தகட்டினால் தோலில் கரப்பான் உண்டானதை 1966-லேயே வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தருமபுரி ஜில்லாவில் இந்தச் சந்தேகம் பெண்களோடு நிற்பதில்லை. பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கங்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்று, வருஷக்கணக்கில் சிமென்ட் குழைத்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு விரல்கள் வெடித்து அரிப்பெடுப்பதற்கு, சிமென்ட்டில் கலந்திருக்கும் குரோமியமே பெரும்பாலும் காரணம். அதே குரோமியம்தான் மாற்று மூட்டின் உலோகத்திலும் சேர்ந்திருக்கிறது.

சாதாரணமாக வைக்கப்படும் செயற்கை முழங்காலில், தொடை எலும்பின் முனையை மூடும் பகுதி கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் ஆகியவை கலந்த உலோகத்தால் ஆனது. அதில் கோபால்ட் அறுபது சதவீதத்துக்கு மேலும், குரோமியம் முப்பதுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்க, கவரிங் நகையின் அரிப்புக்குக் காரணமான நிக்கலும் ஒரு சதவீதத்துக்கு உட்பட்ட அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழ்க்கால் எலும்பின்மேல் பொருத்தும் தட்டு டைட்டானியக் கலப்பாகவோ கோபால்ட் கலப்பாகவோ இருக்கும். இரண்டுக்கும் நடுவே பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக் துண்டு அமர்கிறது. தேய்மானத்தாலும் அரிமானத்தாலும் உலோகத்திலிருந்து பிரியும் நுண்ணிய அயனிகள் உடம்பின் புரதங்களோடு சேரும்போது, ஒவ்வாமை உடையவர்களின் ரத்தத்திலுள்ள காவல் அணுக்கள் அந்தச் சேர்க்கையை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கத் தொடங்குகின்றன. அந்த எதிர்ப்பு மூட்டுக்குள் நிகழ்ந்தால் வீக்கமும், நீர் கோத்தலும், ஓயாத வலியும் உண்டாகலாம்.

ஆனால் தோலில் அரிப்பவர்களுக்கெல்லாம் மூட்டும் கெட்டுவிடும் என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. டென்மார்க் தேசத்தின் முழங்கால் மாற்றுப் பதிவேட்டையும் தோல் ஒட்டுப் பரிசோதனைப் பதிவேட்டையும் இணைத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உலோக ஒவ்வாமை இருந்தவர்களுக்கு மறு அறுவை அதிகமாக நேர்ந்ததாகக் காணப்படவில்லை. இரண்டோ அதற்கு மேலோ மறு அறுவை செய்துகொண்ட சிறு கூட்டத்தாரிடம் மட்டும் அவ்வொவ்வாமை சற்று மிகுந்து காணப்பட்டது. ஆகையால், அறுவைக்குப் பின் வலி நீடித்தால் முதலில் கிருமித் தொற்றையும், மூட்டுத் தளர்ந்திருப்பதையும், கோணம் பிசகியிருப்பதையும் ஆராய்ந்துவிட்டு, கடைசியிலேயே உலோகத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் முறை.

தருமபுரி ஜில்லாவுக்கென்றே ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கலந்த ஆழ்கிணற்று நீரைத் தலைமுறையாகக் குடித்த ஊர்களில், முதுகும் மூட்டும் இறுகுவதற்குத் தேய்மானம் ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டதே அந்த உபாதையைக் குறைக்கத்தான். எந்த உலோகம் என்று கேட்பதற்கு முன், இந்த வலிக்கு மாற்று மூட்டுத்தான் பரிகாரமா என்று கேட்டுத் தெளிவது அவசியம்.

தெளிந்த பிறகு, நகையோ, கைக்கடிகாரப் பட்டையோ, சிமென்ட்டோ ஒத்துக்கொள்ளாத சரித்திரம் உள்ளவர்கள் அதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்; கேட்டால்தான் சொல்வது என்று நம் ஜனங்கள் இருந்துவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அப்படிச் சொன்னவர்களைத் தோல் வைத்தியரிடம் அனுப்பினால், அவர் நிக்கல், கோபால்ட், குரோமியம் முதலியவற்றை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, பின்னும் ஓரிரு நாளில் ஒரு முறை பார்ப்பார். உலோகத்துக்கு ஒரு வாரம் சென்றும் பார்ப்பது நல்லது. அதற்குள் முதுகை நனைக்கவோ வியர்க்கும்படி வயலில் வேலை செய்யவோ கூடாது. அந்த ஒட்டுப் பரிசோதனை தோலின் சுபாவத்தைத்தான் காட்டும். மூட்டின் எதிர்காலத்தை முன்கூட்டிச் சொல்லாது.

சரித்திரமும் சோதனையும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துமானால் மாற்று வழிகள் உண்டு. சிர்கோனியமும் நயோபியமும் சேர்ந்த கலப்பைச் சூடாக்கி, மேற்பரப்பு கறுத்துப் பீங்கான்போல் இறுகும்படி செய்த ஆக்ஸிடைஸ்டு சிர்கோனிய மூட்டில் நிக்கல் இல்லையென்றே சொல்லலாம். முழுவதையும் டைட்டானியத்தால் செய்துவிடலாமே என்று தோன்றும். அந்த உலோகம் உராய்வில் எளிதில் கீறல்படுவதால், உரசும் பரப்புக்கு அது தனியே உதவுவதில்லை. டைட்டானிய நைட்ரைடு முதலிய பூச்சுப் பூசிப் பொன்னிறமாக மின்னும் மூட்டுகளை ‘கோல்டு’ என்று விளம்பரப்படுத்துகிறார்கள். அவற்றில் பொன் ஏதுமில்லை, உள்ளிருப்பது பெரும்பாலும் பழைய கோபால்ட் கலப்பே, பூச்சு அயனிகள் வெளிவருவதைக் குறைக்கிறது, அவ்வளவே. ஒவ்வாமை இல்லாதவர் நிறத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எந்தப் பிரயோஜனமும் எனக்குத் தெரியவில்லை.

இடுப்பு மூட்டில் தேர்வு எளிது: டைட்டானியத் தண்டு, பீங்கான் தலை, பிளாஸ்டிக் கிண்ணம். உலோகத்தின்மேல் உலோகம் உரசும் பழைய வகையை ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். அவ்வகையைச் சேர்ந்த டிபுய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டு 2010-ல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட வரலாறு நம் தேசத்து நோயாளிகளையும் வருத்திய ஒன்று.

2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு விதித்தபோது, கோபால்ட் குரோமிய வகைக்கு 54,720 ரூபாயும், டைட்டானியம், ஆக்ஸிடைஸ்டு சிர்கோனியம் வகைக்கு 76,600 ரூபாயும், வரி நீங்கலாக, நிர்ணயித்தது. இரு வகைகளுக்கும் இடையே இருந்த விலை வித்தியாசம் அன்றோடு குறைந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை செய்துகொள்வோர், எந்த வகை தரப்படும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மூட்டின் பெயர், தயாரித்தவர், தொகுதி எண் ஆகியவற்றை மருத்துவமனை தன் ரசீதில் தனியே குறிக்க வேண்டுமென்பதும் அந்த ஆணையின் பகுதியே; அந்தக் காகிதத்தைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினால், பத்து வருஷம் கழித்து வேறோர் ஊரில் வேறொரு வைத்தியர் அந்தக் காலைத் திறக்க நேர்ந்தாலும், உள்ளே இருப்பது இன்ன உலோகம் என்று அறிந்தே கத்தியை எடுப்பார்.