கேட்குது, விளங்கேல்லை

1990 ஆம் ஆண்டில் நாற்பது வயதில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய கமக்காரர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். அப்படியானவர்கள் பலர் கொழும்பிலே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். தோட்டமும் இல்லை, கிணறும் இல்லை, மிஞ்சியது கதைபேச்சுத்தான். அதுவும் குறைந்து அப்பு ஒரு மூலையில் பேசாமல் இருந்தால், "ஊர் யோசனை" என்கிறோம், அல்லது "மறதி வந்துவிட்டது" என்கிறோம். காதை நினைப்பவர் குறைவு.

அறுபது வயதைக் கடந்தவர்களில் 65 வீதத்துக்கும் அதிகமானோருக்கு ஓரளவாவது கேட்டல் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கூறியது. உட்காதில் நத்தை ஓட்டைப் போன்ற பகுதியில் உள்ள நுண்ணிய மயிர்க்கலங்களே ஒலியை நரம்புக்குக் கொடுக்கின்றன. வயதோடு அவை அழியும், திரும்ப முளைக்கா. தண்ணீர் இறைக்கும் மிசினுக்கும் உழவு இயந்திரத்துக்கும் அருகில் கழிந்த காலமும், ஷெல் வெடித்த காலமும் அவற்றை முன்னதாகவே கெடுத்திருக்கலாம்.

முதலில் மங்குவன கூர்மையான ஒலிகள். உயிரோசை கேட்கும், ச, த, க, ப என்ற வேறுபாடு கேட்காது. "பால்" என்றாலும் "கால்" என்றாலும் ஒன்றுதான். எனவேதான் "கேட்குது, விளங்கேல்லை" என்கிறார்கள். நாம் கத்துகிறோம். கத்தினால் உயிரோசைதான் பெருக்கும், முகமும் கோபமாகத் தெரியும்.

ஊரில் இக்குறை அவ்வளவு வெளித்தெரியாது. திண்ணையில் எதிரெதிரே இருந்து, தெரிந்த சங்கதிகளையே பேசினோம். விடுபட்ட சொல்லை மனம் நிரப்பிக்கொண்டது. கொழும்பிலோ காலி வீதியின் பஸ் இரைச்சல், சீமெந்துச் சுவரின் எதிரொலி, ஓயாத தொலைக்காட்சி. பல கடைகளில் பேசுவது சிங்களம். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் விடுபட்டதை எப்படி ஊகிப்பது? வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போவதற்கு ரயில் பாதையைக் கடக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். காது மந்தமானவரைத் தனியே அனுப்பாதீர்கள்.

சில வேளை காரணம் வெறும் காதுக் குறும்பியாகவும் இருக்கும். ஈர்க்கு, நெருப்புக்குச்சி விட்டுக் கிண்டாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளில் வைத்தியரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஒரு காது திடீரென அடைத்துக் கேளாமற் போனால் அன்றைக்கே போக வேண்டும். நாள் கடந்தால் மருந்து பலிக்கும் வாய்ப்புக் குறையும்.

பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்தி, வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி நின்று, ஆறுதலாகப் பேசுங்கள். விளங்காவிட்டால் அதே சொல்லைத் திருப்பாமல் வேறு சொல்லாற் சொல்லுங்கள்.

பரிசோதிக்காமல் கருவி வாங்காதீர்கள். வாங்கிய கருவி அலுமாரிக்குள் கிடப்பதும் உண்டு. போட்டதும் கரண்டிச் சத்தங்கூட இடியாகக் கேட்பதால் முதியவர் கழற்றிவிடுகிறார். பழகச் சில கிழமைகள் எடுக்கும். முதலில் அமைதியான அறையில், ஒருவரோடு, ஒரு மணித்தியாலம் போடட்டும். காலி வீதிக்குப் பிறகு போகலாம்.