திருவண்ணாமலையின் பழைய அலுமினியம்

அலுமினியத்தை எத்தனை முறை உருக்கி வார்த்தாலும் அது அலுமினியமாகவே இருக்கும். அதைப் புதிதாக எடுப்பதுதான் பெரும்பாடு. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 4 டன் பாக்சைட் தாது வேண்டும். அதிலிருந்து 2 டன் அலுமினா கிடைக்கும்; அதை மின்பகுப்பு செய்தால் 1 டன் உலோகம் மிஞ்சும். கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் செலவாகும். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூர் மால்கோ ஆலை 1965 முதல் இந்த வேலையைச் செய்துவந்தது. 2008இல் அதன் அலுமினியம் உருக்கும் பிரிவு மூடப்பட்டது. பழைய அலுமினியமோ 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடுகிறது. புதிதாகத் தயாரிக்க ஆகும் எரிசக்தியில் சுமார் 5 சதவீதமே இதற்குப் போதும். இந்தியா ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டன் பழைய அலுமினியத்தை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. உள்ளூரில் குப்பையோடு கலந்துபோகும் ஒவ்வொரு கிலோவும் அதனால் வீண் இழப்பு.

திருவண்ணாமலையில் இந்த உலோகம் பல தொழில்களிலிருந்து வெளிவருகிறது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்துக்குப் பல லட்சம் பேர் கூடுகிறார்கள். அவர்களுக்குச் சமைக்கும் ஹோட்டல்கள், அன்னதானக் கூடங்கள், ஆசிரமச் சமையலறைகள், வாடகைப் பாத்திரக் கடைகளில் அடி தேய்ந்த அண்டாவும் நெளிந்த டேக்சாவும் சேர்கின்றன. ஜன்னல், கதவு செய்யும் பட்டறைகளில் செக்‌ஷன் துண்டுகள் மிஞ்சுகின்றன. மெக்கானிக் ஷெட்டில் பிஸ்டனும் இன்ஜின் உறையும், ஆஃப்செட் அச்சகத்தில் வேலை முடிந்த பிளேட்டும், பெட்டிக்கடையில் குளிர்பானக் கேனும் கழிகின்றன.

இவையெல்லாம் ஒரே சாக்கில் போகும்போதுதான் மதிப்பு போய்விடுகிறது. பழைய இரும்புக் கடையில் அலுமினியம் என்று ஒரே சரக்கு கிடையாது. மின்கம்பி ஏறத்தாழ சுத்த அலுமினியம். செக்‌ஷனில் மெக்னீசியமும் சிலிக்கானும் சிறிதளவே உண்டு. பிஸ்டனில் சிலிக்கான் 10 சதவீதத்தைத் தாண்டும். உருக்கிய பிறகு சிலிக்கானையோ இரும்பையோ பிரித்தெடுப்பது மிகக் கடினம். செக்‌ஷனோடு பிஸ்டனும் இரும்புத் திருகும் உருகிவிட்டால், அந்த உலோகத்தை மறுபடி ஜன்னல் சட்டமாக இழுக்க முடியாது. மட்டமான வார்ப்புக்குத்தான் போகும். எனவே கலந்து கொடுத்த சாக்குக்கு, அதில் உள்ள தாழ்ந்த ரகத்தின் விலையைத்தான் வியாபாரி சொல்வார். ஜன்னல் பட்டறையில் திருகு, ரப்பர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு காந்தத்தால் தடவிப் பார்த்தால் போதும். இரும்பு காந்தத்தில் ஒட்டும், அலுமினியம் ஒட்டாது.

சிக்கலான சரக்கு ஃபாயில். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. பார்சல் சோற்றுக்கு வாழை இலையும் பாத்திரமும் நல்ல மாற்று. ஃபாயில் டப்பாவும் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. டப்பாவில் குழம்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அப்படியே உலையில் போட்டால் புகைதான் கிளம்பும். அலுமினியத்தின் மேல்பரப்பு காற்றுபட்டு ஆக்சைடாகிறது. தகடு மெலிய மெலிய, எடைக்குப் பரப்பு கூடுகிறது. தளர்வாகப் போட்ட ஃபாயிலில் கணிசமான பங்கு உருகாமல் கசடாகவே போய்விடும். கழுவி, உலர்த்தி, இறுக்கி அழுத்திக் கட்டினால் இழப்பு குறையும். பளபளப்பதெல்லாம் ஃபாயில் அல்ல என்பதும் நினைவிருக்க வேண்டும். கையில் கசக்கினால் ஃபாயில் கசங்கியபடியே நிற்கும். சிப்ஸ் பாக்கெட் மெல்ல விரிந்துகொள்ளும். பின்னது உலோகப் பூச்சு பூசிய பிளாஸ்டிக், உலைக்கு உதவாது. மாத்திரை அட்டையில் பி.வி.சி. இருப்பதால் அதை எரிக்கவே கூடாது.

உலைக்குப் போகும் சரக்கில் ஈரம் இருப்பது உயிருக்கே ஆபத்து. உருகிய அலுமினியத்துக்குள் சிக்கும் நீர் நொடியில் ஆவியாகி வெடித்து, கொதிக்கும் உலோகத்தைச் சிதறடிக்கும். மூடியிருக்கும் ஸ்ப்ரே டப்பாவும் வெடிக்கும். மழையில் நனைந்த சாக்கை அனுப்புகிறவர், உலையடியில் நிற்கும் தொழிலாளியை ஆபத்தில் தள்ளுகிறார்.

உருக்கிய உலோகம் எங்கே போகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. கண்ட கழிவையும் கலந்து வார்த்த பாத்திரத்தில் ஈயம் இருக்கக்கூடும். சமைக்கும்போது அது உணவில் இறங்கும். இண்டாலியம் என்ற பெயரில் விற்கும் சில பாத்திரங்களிலிருந்து ஈயம் கசிவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. ஆயிரம் பேருக்குச் சமைக்கும் கூடம் பழைய அண்டாவை விற்றுப் புதியது வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். பிஸ்டனும் இன்ஜின் உறையும் மறுபடி இயந்திர வார்ப்புக்கே போக வேண்டும்.

விற்பனைக்குக் கணக்கும் உண்டு. 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வியாபாரியே வரியைச் செலுத்த வேண்டும். விற்பவர், வாங்குபவர் இருவருமே பதிவு பெற்றவர்களாக இருந்து, ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால், வாங்குபவர் 2 சதவீதம் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்டுவார்; அது விற்பவர் கணக்கில் வரவாகும். ஆகவே ரகம் வாரியாக எடை, விலை, தேதி குறித்த ரசீதை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி வைப்பது ஹோட்டலுக்கும் பட்டறைக்கும் அவசியம்.