எடுபிடி வேலைக்கு வைத்திருந்த வண்டி

1959 ஜூனில் ஹோண்டா நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸில் கடை விரித்தது. ஜப்பானின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனம் என்று அப்போதே பெயர் வாங்கியிருந்தது. ஆனால் அமெரிக்காவுக்கு வந்த கிஹாச்சிரோ கவாஷிமாவும் கூட்டாளிகளும் மாதம் 80 டாலர் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார்கள். இரண்டு பேர் தரையில் படுத்தார்கள். நகரின் மட்டமான பகுதியில் ஒரு கிடங்கு. வண்டிப் பெட்டிகளைக் கையாலேயே தூக்கி மூன்றடுக்காக அடுக்கியதும், தரையைக் கூட்டியதும் அவர்களேதான்.

காசு இல்லை என்பதல்ல விஷயம். பத்து லட்சம் டாலர் கொண்டுபோகத்தான் திட்டமிட்டார்கள். ஜப்பான் நிதி அமைச்சகம் அனுமதித்ததோ இரண்டரை லட்சம். அதிலும் ரொக்கம் 1,10,000 டாலர்தான். மீதியை வண்டியாகவும் உதிரி பாகங்களாகவும் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். டொயோட்டாவே அமெரிக்காவில் தடுமாறிய நேரம் அது. அமைச்சகத்தின் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது.

எந்த வண்டியை விற்பது? 50, 125, 250, 305 சிசி என நான்கு வகைகளிலும் சம அளவு கொண்டுவந்திருந்தார்கள். நிறுவனர் சொய்ச்சிரோ ஹோண்டாவின் நம்பிக்கையெல்லாம் பெரிய வண்டிகள் மீது. அவற்றின் கைப்பிடி வளைவு புத்தரின் புருவம்போல இருக்கிறது, அதுவே விற்றுக் கொடுக்கும் என்று அவர் நினைத்தார். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு ஒரு பருவம் உண்டு, ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்துவிடும் என்பதுகூட வந்தவர்களுக்குத் தெரியாது. சீசன் முடியும் நேரத்தில் வந்து இறங்கியிருந்தார்கள்.

1960 வசந்தத்தில் பெரிய வண்டிகள் ஒன்றிரண்டாக விற்கத் தொடங்கின. உடனே புகார்கள் வந்தன. எண்ணெய் கசிகிறது, கிளட்ச் போய்விடுகிறது. ஜப்பானியர் ஓட்டுவதைவிட அமெரிக்கர்கள் அதிக தூரம், அதிக வேகம் ஓட்டினார்கள். ஜப்பானியச் சாலைக்கென்று செய்த எஞ்சின் அதைத் தாங்கவில்லை. கையிருந்த அரிய ரொக்கத்தைச் செலவழித்து, பழுதான வண்டிகளை விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஆய்வுக்கூடத்தில் அமெரிக்கர் ஓட்டுவது மாதிரியே ஓட்டிப் பார்த்து, ஒரே மாதத்தில் ஹெட் கேஸ்கெட்டையும் கிளட்ச் ஸ்பிரிங்கையும் மாற்றி வடிவமைத்தார்கள். இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழ வைப்பது அந்த ஒரு மாதம். விற்ற பொருளுக்கு வெட்கப்பட்டு, அதைத் திரும்பக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்கும் மனசு எல்லா நிறுவனத்துக்கும் வாய்ப்பதில்லை.

இதற்கிடையே, லாஸ் ஏஞ்சல்ஸில் சாமான் வாங்க, கடிதம் போட என்று எடுபிடி வேலைக்கெல்லாம் அவர்கள் ஓட்டியது 50 சிசி சூப்பர் கப். நம்ம ஊர் டி.வி.எஸ். 50 போல, நடுவில் கால் விட்டு ஏறி உட்காரும் வண்டி. 1958இல் ஜப்பானில் வந்தது. தோளில் நூடுல்ஸ் தட்டைத் தாங்கிப் போகும் கடைப் பையன் ஒரு கையால் ஓட்ட வேண்டும் என்பதற்காக, கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றும்படி செய்திருந்தார்கள். அமெரிக்காவில் இதை விற்க அவர்களுக்கே கூச்சம். தோல் ஜாக்கெட் போட்ட முரட்டு ஆட்கள் வாங்கும் சந்தையில் இதைக் காட்டினால் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தார்கள்.

தெருவில் போனவர்கள் இந்தச் சின்ன வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருநாள் சியர்ஸ் பல்பொருள் அங்காடியின் கொள்முதல்காரர் ஒருவர் போன் செய்து விசாரித்தார். இடைத்தரகர் மூலம் விற்க விருப்பமில்லாததால் ஹோண்டா பிடிகொடுக்கவில்லை. ஆனால் அந்த அழைப்பு மனசில் தைத்துவிட்டது. பெரிய வண்டிகள் பழுதாகி நின்றபோது வேறு வழியில்லாமல் சூப்பர் கப்பைக் கடைக்கு அனுப்பினார்கள். வாங்கி விற்க முன்வந்தவர்கள் மோட்டார் சைக்கிள் டீலர்களைவிட விளையாட்டுச் சாமான் கடைக்காரர்கள்தான்.

இந்த வெற்றிக்குப் பின்னாளில் விளக்கங்கள் வந்தன. 1975இல் பிரிட்டிஷ் அரசுக்காக பாஸ்டன் கன்சல்டிங் குழு எழுதிய அறிக்கை, பெருமளவில் உற்பத்தி செய்து செலவைக் குறைத்த உத்தியாகவே ஹோண்டாவின் வெற்றியைப் பார்த்தது. 1982இல் ரிச்சர்ட் பாஸ்கல் என்ற ஆய்வாளர் டோக்கியோவுக்கே போய், அமெரிக்கா சென்றிருந்தவர்களிடம் கேட்டார். அமெரிக்காவில் எதையாவது விற்க முடியுமா என்று பார்க்கத்தான் போனோம், அதற்கு மேல் திட்டம் ஒன்றும் இல்லை என்றார்கள். அறிக்கை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஜப்பானில் லட்சக்கணக்கில் செய்து பழகியதால்தான் அந்த வண்டியை மலிவாகத் தர முடிந்தது. ஆனால் எந்த வண்டி என்று காட்டிக் கொடுத்தது தெரு. காட்டியதைக் கவனிக்க, அந்தத் தெருவில் அவர்களே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மீண்டும் அந்த நாட்களுக்கே வருவோம். 1963இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வகுப்புப் பயிற்சிக்காக ஹோண்டாவுக்கு ஒரு விளம்பரம் எழுதினார். ஹோண்டாவில் போகிறவர்களெல்லாம் நல்ல மனிதர்கள் என்பதே அதன் சாரம். அது கிரே விளம்பர நிறுவனத்தின் கைக்குப் போய், அங்கிருந்து ஹோண்டாவுக்கு வந்தது. அமெரிக்கக் கிளையின் தலைவருக்கும் நிதிப் பொறுப்பாளருக்கும் வேறொரு விளம்பரம் பிடித்திருந்தது. விற்பனைப் பொறுப்பாளர் விடவில்லை, வாதாடி ஜெயித்தார். இல்லத்தரசிகளும் இளம் ஜோடிகளும் சூப்பர் கப்பில் போகும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 1964இல் அமெரிக்காவில் விற்ற மோட்டார் சைக்கிள்களில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று ஹோண்டா.