ஏழு நாள் கணக்கு: அவசர நிதியும் நம் அமைப்புகளும்



2019 டிசம்பர் 2 விடியற்காலை. மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, அருந்ததியர் குடியிருப்பின் மேல் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். நம் மக்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றார்கள். அரசு மருத்துவமனை முன் நீதி கேட்டுத் திரண்டவர்கள் மீது அன்றே தடியடி நடந்தது. தமிழ்ப் புலிகள் கட்சித் தலைவர் நாகை திருவள்ளுவன் உள்ளிட்ட பலர் கைதானார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று முதலில் வந்த அறிவிப்பு, போராட்டத்துக்குப் பிறகு 10 லட்சமாக உயர்ந்தது.

அந்த ஒரே நாளில் இரண்டு விதமான பணம் தேவைப்பட்டது. ஒன்று, உறவை இழந்த குடும்பங்களுக்கு. மற்றொன்று, அவர்களுக்காக நின்று சிறை சென்றவர்களின் ஜாமீனுக்கும் வழக்குக்கும் அவர்கள் வீட்டு அடுப்புக்கும். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இரண்டாவதை யாரோ ஒரு தோழர் நகையை அடகு வைத்துச் சமாளித்துவிடுகிறார்.

இலக்கிய மேடையில் பணத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்? ஒரு கிராமத்தில் அடி விழுந்தால் இரவு பதினொரு மணிக்கு நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். நமக்கு எழுதத் தெரியும் என்ற நம்பிக்கையில் கூப்பிடுகிறார்கள். கவிதை எழுதும் கை, மனுவும் எழுதத் தெரிந்த கையாக இருக்க வேண்டும்.

முதல் வாரம் ஏன் முக்கியம்? சமரசம் பேச ஆள் வருவது அந்த வாரத்தில்தான். ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம், புகாரை வாங்கிவிடு என்பார்கள். தோட்டத்து வேலையும் விசைத்தறி வேலையும் அவர்கள் கையில். பஸ்ஸுக்குக் காசில்லாத குடும்பம் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. நம் வழக்குகள் பல, நீதிமன்றப் படியேறும் முன்பே இப்படித் தோற்றுப்போகின்றன.

முதலில் அரசின் பணம்

வன்கொடுமை என்றால் முதலில் தட்ட வேண்டிய கதவு கலெக்டர் அலுவலகம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1995 விதிகளில், 12(4) ஆம் விதி நிவாரணத்தைப் பற்றியது. 2016 திருத்தத்தின்படி அதை ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும். கருவூலத்திலிருந்து உடனே பணம் எடுக்கக் கலெக்டருக்கு அதிகாரம் தரவும் விதியில் இடமுண்டு. தமிழ்நாட்டில் 2021 இல் இந்தத் தொகை, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 1 லட்சம் முதல் 12 லட்சம் வரை என உயர்த்தப்பட்டது. பல குற்றங்களுக்கு முதல் தவணை எஃப்.ஐ.ஆர். போட்டதுமே வர வேண்டும். கொலையென்றால் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதித் தொகை. அதற்கு மேல் ஓய்வூதியம், வேலை, வீடு, நிலம், பிள்ளைகளின் படிப்பு, மூன்று மாதத்துக்கு அரிசி பருப்பு என்று அட்டவணையில் இருக்கிறது.

இது தர்மமல்ல, உரிமை. எனவே மனுவில் "கருணை கூர்ந்து" என்று எழுதாதீர்கள். விதி எண், சம்பவத் தேதி, எஃப்.ஐ.ஆர். எண், சட்டப் பிரிவுகள், ஏழாவது நாள் எந்தத் தேதியில் முடிகிறது என்பவற்றை எழுதுங்கள். சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் நகலை இணையுங்கள். கலெக்டருக்கு ஒன்று, ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு ஒன்று. இரண்டுக்கும் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். திங்கட்கிழமை மனுநாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வழிச்செலவும் உரிமைதான். திருச்செங்கோட்டிலிருந்து 2015 ஜூனில் கடத்திக் கொல்லப்பட்ட கோகுல்ராஜின் வழக்கு, 2019 இல் நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. தீர்ப்பு 2022 மார்ச்சில் வந்தது. ஏறக்குறைய ஏழு வருடம். சேலம், நாமக்கல் பக்கத்துச் சாட்சி மதுரைக் கோர்ட்டுக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு ஆகும். 11 ஆம் விதி பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படியும் தினப்படியும் தருகிறது. கேட்காதவருக்கு அது வீடு தேடி வருவதில்லை. அதேபோல 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

அடுத்து அமைப்புக்கான பணம்

அரசு நிவாரணம் குடும்பத்துக்கு மட்டுமே. உண்மையறியும் குழுவின் வண்டி வாடகை, மிரட்டப்பட்ட தோழரைச் சில வாரம் வேறு ஊரில் தங்கவைக்கும் செலவு, ஜாமீன் செலவு இவற்றுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். உலகில் இதற்கென்றே அவசர நிதிகள் இருக்கின்றன. டப்ளினில் இயங்கும் ஃப்ரன்ட் லைன் டிஃபென்டர்ஸ், ஆபத்திலுள்ள மனித உரிமைப் பணியாளர்களின் பாதுகாப்புச் செலவுக்கு 7,500 யூரோ வரை தருகிறது.

ஆனால் இங்கே நிதானம் தேவை. வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு கேட்கும் அமைப்பு மூன்றாண்டு இயங்கி, 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். பணம் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்திறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள பெரிய அமைப்பு வாங்கி நமக்குப் பிரித்துத் தரவும் முடியாது. அமைப்பு வேலைக்கான வெளிநாட்டுப் பணத்தை ஒருவரின் சொந்தக் கணக்கில் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நம்மை முடக்கக் காத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு வரவு போதும். நம்மைப் போன்ற சிறு அமைப்புகளுக்கு உள்நாட்டு நன்கொடையே பாதுகாப்பான வழி.

எவரிடம் கேட்டாலும் அவசர விண்ணப்பம் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து கேள்விக்கு அதில் பதில் இருக்க வேண்டும். என்ன நடந்தது, எந்தத் தேதியில்? இதற்கு ஏன் அடுத்த மாதம் வரை பொறுக்க முடியாது? பணத்தைக் கொண்டு யார் என்ன செய்வார்கள்? எவ்வளவு, எதெதற்கு? உங்களைத் தெரிந்த வெளியாள் யார்? நாலாயிரம் சாதிக் கொடுமைகளின் வரலாறு அங்கே வேண்டாம். "போக்குவரத்து 20,000" என்று மொத்தமாகப் போடாமல், எத்தனை பேர், எத்தனை நடை, நடைக்கு எவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள். தொகையை ஊதிச் சொல்லாதீர்கள். குறைத்துச் சொல்லிப் பாதியில் நிற்கவும் வேண்டாம்.

பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் பெயரையும் படத்தையும் அனுப்பாதீர்கள். குறிப்பாகப் பெண்களின் விஷயத்தில். அவர்களுடைய காயம் நம் விண்ணப்பத்துக்கு விளம்பரமல்ல.

நம் சொந்தப் பணம்

1963 இல் அமெரிக்காவின் பர்மிங்காமில் கறுப்பின மக்கள் சிறை நிரப்பியபோது ஜாமீன் நிதி தீர்ந்துபோனது. வெளியே இருந்து நிதி திரட்டுவதா, தானும் சிறை போவதா என்ற நெருக்கடி மார்ட்டின் லூதர் கிங்குக்கே வந்தது. அவர் சிறை போனார். பாடகர் ஹாரி பெலஃபான்டே வெளியே நின்று பணம் திரட்டினார். கலைஞன் செய்யக்கூடிய போராட்ட வேலை அதுவும்தான்.

நமக்கு மொய் தெரியும். கொங்குச் சீமையில் பத்து ரூபாய் வைத்தாலும் பெயரோடு நோட்டில் ஏறும். இருபது வருடம் கழித்தும் அந்த நோட்டு பேசும். அந்த ஒழுங்கைப் போராட்ட நிதிக்கும் கொண்டுவருவோம். ஆளுக்கு மாதம் நூறு ரூபாய். அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று பெண் தோழருடையது. சங்கப் பதிவு, பான் அட்டை, ஆண்டுக் கணக்கு, தீர்மானப் புத்தகம் நான்கும் ஒரே கோப்பில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் கூட்டத்தில் வாசிப்பது. பணம் கொடுத்த கூலித் தொழிலாளிக்கு, வெளிநாட்டு நிதியாளர் கேட்கும் அதே கணக்கைக் கேட்க உரிமை உண்டு.

அவசர விண்ணப்பம் அவசரத்தில் எழுதப்படுவதல்ல. சம்பவம் நடக்காத நாட்களில் நாம் எழுதி வைக்கும் கணக்குதான் அன்று விண்ணப்பமாக மாறும். நடூரின் 17 பேருக்கு நாம் ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். அடுத்த வாரக் கூட்டத்துக்கு வரும்போது அதோடு ஒரு நோட்டும் நூறு ரூபாயும் கொண்டு வாருங்கள்.

ஜெய் பீம்.