காட்சிவழிப் பின்னடைவுச் சோதனை: தமிழ் இணையப் பக்கங்களில் புள்ளியிழப்பை முன்வைத்து

திறவுச்சொற்கள்: இணையத்தளம், திரைப்பிடிப்பு, பிக்சல் ஒப்பீடு, எழுத்துரு, ஒருங்குறி, மெய்ப்புள்ளி

முன்னுரை

இணையத்தளம் ஒன்றின் நிரலில் ஓரிடத்தில் செய்யப்படும் திருத்தம், அதனோடு தொடர்பற்றதாகத் தோன்றும் வேறோரிடத்தைச் சிதைத்துவிடுவது உண்டு. முன்னர்ச் சரியாக இருந்தது பின்னர்ப் பிழைபடுவதால் இதனைப் பின்னடைவு என்பர். பக்கத்தின் தோற்றத்தில் நேரும் பின்னடைவைப் படங்களின் ஒப்பீட்டால் கண்டறிவதே காட்சிவழிப் பின்னடைவுச் சோதனை. இலக்கியப் பாடங்களையும் அகராதிகளையும் இணையத்தில் வழங்குவோர்க்கு இது நிரலாளரின் கவலை மட்டும் அன்று. படிப்பவர் கண்ணில் படும் பாடம் பதிப்பாசிரியர் தந்த பாடந்தானா என்னும் வினாவும் இதில் அடங்கியுள்ளது.

சோதனை நிகழும் முறை

சரியெனக் கண்ட நிலையில் பக்கத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்து அடிப்படைப் படமாகச் சேமித்துக்கொள்வர். நிரல் மாறுந்தோறும் அதே பக்கத்தை உலாவி மீண்டும் படம்பிடிக்கும். இரு படங்களும் பிக்சல் பிக்சலாக ஒப்பிடப்பட்டு, வேறுபாடுகள் வண்ணமிட்ட மூன்றாவது படமாகக் காட்டப்படும். அவ்வேறுபாடு வேண்டிச் செய்ததாயின் புதிய படமே அடிப்படையாகும். அன்றெனில் பிழை திருத்தப்படும். பேக்ஸ்டாப்ஜேஎஸ், பிளேரைட் முதலிய கருவிகள் இதனைத் தானியக்கமாகச் செய்கின்றன. இறுதித் தீர்ப்பு மட்டும் மனிதருடையது.

ஒரே பக்கம் விண்டோஸில் ஒருவாறும் லினக்ஸில் வேறொருவாறும் எழுத்து விளிம்புகளைத் தீட்டும். ஆகவே அடிப்படைப் படமும் சோதனைப் படமும் ஒரே இயங்குதளத்தில், ஒரே உலாவிப் பதிப்பில் எடுக்கப்படுதல் வேண்டும். இணைய எழுத்துரு முழுதும் இறங்குமுன் படம்பிடித்தால் மாற்று எழுத்துருவே பதிவாகும் என்பதும் அறிந்து காத்திருத்தற்குரியது.

ஏற்பளவும் மெய்ப்புள்ளியும்

விளிம்பு வேறுபாடு போன்ற அற்ப மாற்றங்களுக்கெல்லாம் சோதனை தோல்வியுறாதிருக்க, இத்தனை விழுக்காடு பிக்சல்கள் மாறலாம் என ஓர் ஏற்பளவு குறிக்கப்படுகிறது. பேக்ஸ்டாப்ஜேஎஸ் கருவி உருவாக்கித் தரும் தொடக்க அமைப்பில் இது 0.1 விழுக்காடு. கேட்பதற்கு மிகக் கண்டிப்பானதாகவே தோன்றும். 1280 × 720 அளவுள்ள படத்தில் 9,21,600 பிக்சல்கள் உள்ளன, அவற்றுள் 0.1 விழுக்காடு ஏறத்தாழ 921. பதினாறு பிக்சல் அளவுள்ள தமிழ் எழுத்தில் மெய்ப்புள்ளி இரண்டுக்கு இரண்டு என நான்கு பிக்சல் கொள்வதாக வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்தில் 230 புள்ளிகள் மறைந்தாலும் சோதனை வெற்றி என்றே அறிவிக்கும்.

இது வெறுங்கணக்கு அன்று. உரோம எழுத்தை மனத்திற்கொண்டு வடிவமைத்த பக்கங்களில் தலைப்புகளின் வரியுயரத்தை எழுத்தளவுக்கு இணையாகக் குறுக்கி, எல்லை கடந்தவற்றை மறைக்குமாறு நடைதாளில் விதித்துவிடுவர். ஆங்கிலத் தலைப்புக்கு ஊறு நேராது. தமிழில் மேல்விலங்கின் வளைவு சற்றுத் தேய்ந்தும் அடையாளம் காணத்தக்கதாய் நிற்க, புள்ளி முழுதும் வெட்டுண்டு போதல் கூடும். கல்வி என்னும் தலைப்புச் சொல் அப்போது கலவி என நிற்கும். கோப்பிலுள்ள உரை மாறவில்லையாதலின், உரையை மட்டும் சரிபார்க்கும் சோதனைகள் எதையும் காணா. ஓலைச்சுவடியில் புள்ளியிடாது எழுதும் வழக்கம் இருந்தமையால், பதிப்பாசிரியர் இடம்நோக்கி மெய்யும் உயிர்மெய்யும் பிரித்தறிய வேண்டியிருந்தது. அவர் இட்ட புள்ளியை நடைதாளின் ஒரு வரி மீண்டும் பறித்துக்கொள்வது விந்தையே.

தலைப்புப் பகுதியை மட்டும் தனியே படம்பிடித்தல் பலரும் கூறும் தீர்வு. 300 × 40 பிக்சல் பகுதியில் மொத்தம் 12,000. நான்கு பிக்சல் என்பது அதில் 0.033 விழுக்காடே. பழைய ஏற்பளவுக்குள் இதுவும் அடங்கிவிடுகிறது. எனவே தமிழ்ப் பக்கங்களுக்கு விழுக்காட்டு ஏற்பளவு பொருந்தாது என்பதே என் கருத்து. மாறக்கூடிய பிக்சல்களின் எண்ணிக்கையை நேரடியாக வரையறுக்கும் வசதி பிளேரைட்டில் உண்டு; அதனைச் சுழியமாகவோ அதனையொட்டியோ வைத்து, திரை அடர்த்தியை மும்மடங்காக்கிப் படம்பிடித்தால் நான்கு பிக்சல் புள்ளி ஏறத்தாழ முப்பத்தாறாகும். ஏற்பளவைக் கடந்து அதன் இழப்பு வெளிப்படும். பிளேரைட் பயன்படுத்தும் பிக்சல்மேட்ச் நிரலகம், விளிம்பு மழுக்கலுக்குரியவை எனத் தான் கருதும் பிக்சல்களை வேறுபாட்டில் சேர்ப்பதில்லை. சிற்றளவில் புள்ளி என்பது பெரும்பாலும் மழுங்கிய விளிம்பே ஆதலின், பெரிதாக்கிப் பிடித்தல் இதன்பொருட்டும் வேண்டற்பாலது.

படம் காணாதவை

தோற்றம் ஒத்தும் குறியேற்றம் வேறுபடும் இடங்கள் தமிழில் உள. கொ என்பதைக் ககரத்துடன் ஒற்றைக் குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் ஒருங்குறியில் எழுதலாம். இரண்டும் ஒப்புடையன என ஒருங்குறியே கொள்கிறது. படத்தில் வேறுபாடு தோன்றாது. இயல்பாக்கம் செய்யாத தேடுபொறியோ இவற்றை இரு சொற்களாகக் கொள்ளும். ஔகாரத்தின் நிலை இன்னும் சிக்கலானது. ஒகரத்தை அடுத்து ளகரத்தைத் தட்டச்சிட்டால் பல எழுத்துருக்களில் ஔ போலவே தெரியும்; ஒருங்குறி இவ்விரண்டையும் ஒப்புடையனவாகக் கொள்ளாமையால் இயல்பாக்கமும் இதனைத் திருத்தாது. அவ்வாறு உள்ளிடப்பட்ட தளத்தில் ஔவையார் எனத் தேடுபவர்க்கு விடை கிட்டாது. அடிப்படைப் படம் எடுப்பதற்கு முன்பே, ஒகரத்தை அடுத்து ளகரம் வரும் இடங்களையெல்லாம் உரைக்கோப்பில் தேடி, ஒளி போல முறையாக வருவனவற்றை ஒதுக்கி, எஞ்சியவற்றைக் கையால் திருத்த வேண்டியுள்ளது.