அயோடினைக் கைவிடும் புற்று

கோவளத்துக்காரர்களுக்கு அயோடின் என்றதும் நினைவுக்கு வருவது உப்பு. கேளம்பாக்கம் உப்பளங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. தைராய்டு புற்றுநோய் வைத்தியமும் அந்த அயோடினை நம்பித்தான் நடக்கிறது. உடம்பில் அயோடினைத் தைராய்டு அளவுக்கு இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் உறுப்பு வேறில்லை. அதில் முளைத்த புற்றுச்செல் நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிய பிறகும் பெரும்பாலும் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. கதிரியக்க அயோடின் 131ஐ உட்கொண்டால், அது போய்ச் சேரும் இடமெல்லாம் புற்று அழிகிறது. 1940களில் தொடங்கிய சிகிச்சை இது. தைராய்டு புற்று வந்தவர்களில் 10க்குச் சுமார் 8 பேருக்கு இருக்கும் பாப்பிலரி வகையை ‘நல்ல புற்று’ என்று சில டாக்டர்கள் ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மறுபரிசோதனைக்குப் போகாமல் இருக்க அந்த ஒரு சொல் போதும்.

சிலருக்கு அந்தப் புற்றே மாறிவிடுகிறது. பிராஃப் போன்ற மரபணுவில் முதல் பிழை. பிறகு டெர்ட், பி53 மரபணுக்களிலும் பிழைகள் சேர்கின்றன. செல் தைராய்டின் குணங்களை ஒவ்வொன்றாக இழக்கிறது. அயோடினை உள்ளே இழுக்கும் புரதம் போய்விடுகிறது. ரத்தத்தில் நோயைக் காட்டிக்கொடுக்கும் தைரோகுளோபுலினும் குறைகிறது. ரிப்போர்ட்டில் எண் இறங்கியதைப் பார்த்து வீட்டார் நிம்மதி அடையும்போது கட்டி வளர்ந்துகொண்டிருக்கலாம். இப்படி உருவாவதுதான் அனபிளாஸ்டிக் புற்று. அபூர்வமாகச் சிலருக்கு, தோலிலும் உணவுக்குழாயிலும் காணப்படும் ஸ்குவாமஸ் செல்லாகவே அது உருமாறுகிறது. அதுவும் சில சமயம் பரவிய இடத்தில், கழுத்து நெறிக்கட்டியில் மட்டும். வேறொரு புற்று புதிதாக வந்துவிட்டதோ என்று பயாப்சி பார்க்கும் நிபுணரே குழம்புவார். பேக்ஸ்8 புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்த்தால் பல நேரங்களில் அது பிறந்த இடம் தைராய்டு என்று தெரிந்துவிடும். தைராய்டிலேயே எழும் ஸ்குவாமஸ் புற்றை உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு அனபிளாஸ்டிக்கில் சேர்த்துவிட்டது.

தைராய்டு புற்றுகளில் அனபிளாஸ்டிக் 100க்கு ஒன்றிரண்டுதான். ஆனால் பெரும்பாலும் சில மாதங்களில் ஆளை முடித்துவிடும். கழுத்துக் கட்டி வாரக்கணக்கில் பெருத்தால், குரல் கம்மினால், சோறு இறங்காவிட்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் எட்டிவிடும் தூரம்தான்.

போகும்போது பழைய பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள். அதோடு நிற்காமல், புதுக் கட்டியிலிருந்தும் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் பிராஃப் வி600இ பிழை இருந்தால் டாப்ரஃபெனிப், டிராமெடினிப் மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அனபிளாஸ்டிக் புற்றுக்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்ற இந்த ஜோடியால் பலருக்குக் கட்டி சுருங்கியிருக்கிறது.